ஆயாவைத் தேடி வந்த அம்மா

இப்போதெல்லாம் பயணி தொலைந்துபோவது கிடையாது. கையில் கைபேசி, அதில் வரைபடம், வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி. புள்ளி நகர்ந்தால் ஆள் நடக்கிறார். நின்றுவிட்டால் ஆள் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் பழைய நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்கள் சிலர் போன மாதம் ரங்கூன் தாகேதாவில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். தமிழ் நன்றாகப் புரியும் அவர்களுக்கு. பேச்சு மட்டும் பர்மிய மொழியில்தான் ஓடும். அதில் ஒருத்தி எனக்காகத் தமிழைத் தேடிப் பிடித்து, "அன்ட்டி, இந்தப் புள்ளி இல்லாம நீங்க எப்படி ஆளுங்கள மேய்ச்சீங்க?" என்று கேட்டாள். "வாயால மேய்ச்சோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர்கள் போன பிறகு ருக்மணி அம்மாவின் ஞாபகம் வந்து, இரண்டு நாளாக வேறு நினைப்பே ஓடவில்லை. எழுதிவிட்டால் நிம்மதி என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் சரோஜா. வழிகாட்டி உரிமச் சீட்டில் மா சான் சான். இரண்டும் நான்தான். தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர், அப்பா ரயில்வேயில் இருந்தவர். நான் ஊர் சுற்றிக் காட்டப் போனேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ராஜாக்கள் பெயரையெல்லாம் மனப்பாடம் செய்தேன், தேர்வு முடிந்ததும் பாதியை மறந்தேன். உண்மையான பயிற்சி டோ கின் மேயிடம் சேர்ந்த பிறகுதான் ஆரம்பித்தது.

டோ கின் மே எங்கள் நிறுவனத்தின் முதலாளி. நாங்கள் 'சயாமா' என்போம், டீச்சரம்மா என்பது மாதிரி. அப்பா பர்மியர், அம்மா க்யிம்யிண்டைங் சந்தையில் கடை வைத்திருந்த தமிழச்சி. சந்தோஷம் வந்தால் சயாமா பர்மிய மொழி பேசுவார், கணக்குப் பார்த்தால் இங்கிலீஷ், கோபம் வந்தால் தமிழ். அதனால் நான் கேட்டதெல்லாம் பெரும்பாலும் தமிழ்தான்.

காலையில் வேன் கிளம்பும் முன் எங்களை வரிசையாக நிற்கவைத்து அவர் பார்ப்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நகத்தைப் பார்ப்பார். குடையை விரித்துக் காட்டச் சொல்வார். "இந்த இடத்துல கழிப்பறை எங்க இருக்கு?" என்பதுதான் எப்போதும் முதல் கேள்வி. ராஜாக்களெல்லாம் அதற்குப் பிறகு. தலையை எண்ணக்கூடாது என்பார். எண்ணிக்கை சரியாக இருக்கும், நடுவில் வேறு குழுவின் ஆள் நின்றுகொண்டிருப்பார், நம் ஆள் இருக்கமாட்டார். முகத்தைப் பார்த்து மனதுக்குள் பேரைச் சொல்ல வேண்டும். நான் ஓய்வு பெற்ற பிறகும் கல்யாண வீட்டுப் பந்தியில் இப்படிச் சொல்லிக்கொண்டிருப்பதாக என் மகள் கிண்டல் செய்கிறாள்.

எங்கள் நிறுவனத்துக்கென்று ஒரு தனித்தொழில் இருந்தது. அந்தக் காலத்தில் கப்பலேறித் தனியாக வந்த பெண்களின் பாதையில், இந்தக் காலத்துப் பெண்களை அழைத்துப்போவது. நூறு, நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் பாவாடை தரையில் புரள வந்து, பூ வரைந்தவர்கள், பூச்சி பிடித்தவர்கள், படகில் ஆற்றோடு மேலே போனவர்கள் என்று எத்தனை பேர்! அவர்கள் எழுதியதையெல்லாம் சயாமா எங்களைப் படிக்கவைத்தார். "அவங்க எதுக்கு வந்தாங்கன்னு தெரிஞ்சாதான், இவங்க எதுக்கு வர்றாங்கன்னு ஒனக்குத் தெரியும்" என்பார்.

படித்தேன். தைரியசாலிகள்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். காய்ச்சலிலும் மழையிலும் விடாமல் போயிருக்கிறார்கள். ஆனால் எனக்கு அடிக்கடி சிரிப்பு வரும். ஒரு பக்கத்தில் 'நான் தன்னந்தனியாகப் புறப்பட்டேன்' என்றிருக்கும். அடுத்த பக்கத்தில் சமையற்காரன் முட்டையைக் கருக்கிவிட்டான், பெட்டி தூக்கியவன் வழுக்கி விழுந்தான், ஆயா துணி காயப்போட்டாள் என்று வரும். குளிப்பதற்கு இரும்புத் தொட்டியையே கூடக் கொண்டுவந்த ஒரு அம்மாளும் தனியாகத்தான் வந்தாளாம். தொட்டி நடந்து வந்ததா என்று சயாமாவிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சென்னையிலிருந்து அந்தக் குழு வந்தபோது, வெளிநாட்டுக்காரர்களின் கைபேசி இங்கே வேலை செய்யாது. எங்களுக்கே சிம் வாங்குவது நகை வாங்குவது போல. எல்லோரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெண்கள், சேர்ந்து புத்தகம் படிக்கிறவர்கள். தலைவி லலிதா டீச்சர். சென்னையிலிருந்து ரங்கூன் வந்து ஆற்றில் மேலே போன ஒரு வெள்ளைக்காரத் துரைசானியின் பயணத்தைப் படித்துவிட்டு, அதே வழியில் போக வந்திருந்தார்கள். என் தமிழைக் கேட்டு அவர்களுக்கு ஒரே குஷி. நான் ஏதோ பேச்சில் "சோலி முடிஞ்சுது" என்றதும் லலிதா டீச்சர் கைதட்டி, "இப்பல்லாம் எங்க ஊர்லயே யாரும் இப்படிப் பேசறதில்ல" என்றார்.

அந்தக் கூட்டத்தில் மூத்தவர் ருக்மணி அம்மா. எண்பதை நெருங்கியவர். ஒல்லி, நீலப் புடவை, சர்க்கரை வியாதி. நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் மயங்கி விழுந்துவிடுவார் என்று லலிதா டீச்சர் முதல் நாளே என்னைத் தனியாகக் கூப்பிட்டு எச்சரித்தார். விமான நிலையத்திலேயே ருக்மணி அம்மா என்னிடம் சொல்லிவிட்டார்: "இவங்கல்லாம் துரைசானியைப் பாக்க வந்திருக்காங்க. நான் அவளோட ஆயாவைப் பாக்க வந்திருக்கேன். எங்க அம்மாவோட பாட்டி அவ. செங்கமலம்னு பேரு."

லலிதா டீச்சர் சிரித்தபடி, "ஆயா பேரே புத்தகத்துல இல்ல சரோஜா. ஆயா ரங்கூன்ல என்னை விட்டுட்டு ஓடிட்டாள்னு ஒரே ஒரு வரி. அவ்வளவுதான்" என்றார். ருக்மணி அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இனி சயாமாவின் மூலை ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். பர்மியர்களுக்குப் பிறந்த தேதி மறந்தாலும் மறக்கும், கிழமை மறக்காது. ஷ்வேடகோன் பயா எங்கள் ஊர்ப் பெரிய புத்தர் கோயில். அதன் தங்கக் கோபுரத்தைச் சுற்றி எட்டு மூலைகள், கிழமைக்கு ஒன்றாக. புதனுக்கு மட்டும் காலை, மாலை என்று இரண்டு. ஒவ்வொரு மூலையிலும் சின்னப் புத்தர் சிலை, அந்தக் கிழமைக்குரிய பிராணி, தண்ணீர் எடுத்து ஊற்றக் கிண்ணம். அவரவர் கிழமை மூலையில் தண்ணீர் ஊற்றிக் கும்பிடுவார்கள். சயாமா இதையே தொழிலுக்குப் பிடித்துக்கொண்டார். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் அலையாதே, உன் கிழமை மூலைக்குப் போய் நில். யாரைக் கேட்டாலும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் விடுவார்கள். வழிகாட்டியும் நேரே அங்கே வந்துவிட வேண்டும், வந்தபின் அந்த இடத்தை விட்டு அசையக்கூடாது. "நீ தேடப் போனா அவங்க ஒன்னைத் தேடுவாங்க. ரெண்டு பேரும் சுத்திக்கிட்டே இருங்க, தேர் மாதிரி" என்பார்.

பயணிகளின் பிறந்த தேதியும் நேரமும் முன்கூட்டியே கேட்டு வாங்கி, சயாமாவே கிழமை பார்த்து, பர்மிய எழுத்தில் ஒரு அட்டை எழுதி மணிக்கட்டில் கட்டிக்கொள்ளக் கொடுப்பார். ருக்மணி அம்மாவின் அட்டையில் சனிக்கிழமை, நாகம்.

நாங்கள் பயாவுக்குப் போனது தபௌங் பௌர்ணமி அன்று. துரைசானி அந்தத் திருவிழாவைப் பார்த்து எழுதியிருந்தாளாம், எனவே அன்றுதான் போயாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். மார்ச் மாத வெயில். செருப்பில்லாமல் பளிங்கில் கால் வைக்க முடியவில்லை, பாய் விரித்த இடத்தில் மட்டும் நடந்தோம். மேலே வந்ததும் கை கழுவுவதற்காக ருக்மணி அம்மா அட்டையை அவிழ்த்துப் பையில் போட்டு, அந்தப் பையை லலிதா டீச்சரிடம் கொடுத்தார். மாத்திரையும் பிஸ்கட்டும் அதே பையில்தான்.

அப்போதுதான் ஒரு ஊர்வலம் வந்தது. சின்னப் பையன்களைத் துறவு கொடுக்க அழைத்துப்போகும் ஊர்வலம். ராஜகுமாரன் வேஷத்தில் தோள்மேல் பிள்ளைகள், மேலே தங்கக் குடைகள், பின்னால் சொந்தபந்தமெல்லாம் பட்டுத் துணியில். எங்கள் நடுவில் புகுந்து போனார்கள். போய் முடிந்ததும் முகங்களைப் பார்த்துப் பேர் சொன்னேன். ஒரு பேருக்கு முகம் இல்லை.

முதலில் நான் பதறவில்லை. எல்லோரையும் அழைத்துக்கொண்டு சனி மூலைக்குப் போனேன். அங்கே ருக்மணி அம்மா இல்லை. வருவார் என்று நின்றோம். வரவில்லை. எங்கள் டிரைவர் கோ ஜோ நான்கு வாசல் படிக்கட்டுகளிலும் இறங்கி ஏறிப் பார்த்துவிட்டு, சட்டை நனைந்து வந்து கையை விரித்தார். ஒலிபெருக்கியில் பர்மிய மொழியில் சொன்னார்கள். அந்த அம்மாவுக்கு அது எங்கே புரியப்போகிறது? அன்றைய கூட்டத்தில் எனக்கே அது காதில் விழவில்லை.

லலிதா டீச்சர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "சரோஜா, அவங்க சாப்பிட்டு ரொம்ப நேரமாச்சு. எங்கயாவது விழுந்து கெடந்தா யாருக்கும்மா தெரியும்?" என்றார். எனக்கு உடனே ஓடிப் போய்த் தேடலாம் என்று கால் துடித்தது. அசையாதே என்று சயாமாவின் குரல் காதில். அந்தச் சட்டத்தையும் சயாமாவையும் சேர்த்து மனதுக்குள் நான் திட்டியதை இங்கே எழுத முடியாது.

கடைசியில் மற்றவர்களை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, தெற்கு வாசல் படியில் இறங்கி ஓடினேன். அடிவாரத்தில் மேஜை போட்டுத் தொலைபேசி வைத்திருந்த ஒரு பெண் இருந்தாள். சயாமாவை அழைத்தேன். திட்டுவார் என்று காதைச் சற்று விலக்கியே பிடித்திருந்தேன்.

"எந்த மூலையில நிக்கிறீங்க?"

"சனி மூலையில சயாமா. அட்டையில அப்படித்தானே."

அந்தப் பக்கம் நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"அட்டை அவங்க கையில இருக்கா?"

"இல்ல சயாமா. டீச்சர் பையில."

"அப்ப அட்டையைப் பாத்து நிக்கமாட்டாங்க. அவங்களுக்குத் தெரிஞ்ச கிழமையிலதான் நிப்பாங்க." சயாமாவின் குரல் இறங்கிவிட்டது. "சரோ, அவங்க பொறந்தது ஞாயித்துக்கிழமை, விடியறதுக்கு முன்னாடி. விடிஞ்சாத்தான் அடுத்த நாளுன்னு எங்கம்மா சொல்லுவாங்க. அந்தக் கணக்குலயே சனின்னு போட்டுட்டேன். இங்க யார் அப்படிப் பாக்கிறா? அவங்களை ஒரு வார்த்தை கேட்டேனா நான்? ஞாயிறு மூலைக்கு ஓடு. நேர் எதிர்ல இருக்கு. நான் வந்துக்கிட்டிருக்கேன்."

எங்கள் வீட்டிலும் அதே கணக்குதான். விடியுமுன் பிறந்த என் தம்பிக்கு அம்மா முந்தின நாள் கிழமைதான் சொல்வார். அட்டையைப் பார்த்தபோது எனக்கும் அது தப்பாகவே படவில்லை. ஒரு பர்மியருக்கு இந்தத் தப்பு வந்திருக்காது. எங்களுக்குத்தான் வரும்.

சனி மூலை தென்மேற்கில், ஞாயிறு மூலை வடகிழக்கில். நடுவே அந்தத் தங்க மலை. இந்தப் பக்கம் நிற்கிறவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் தெரியவே மாட்டார். படியேறி, பாய்க்கும் பளிங்குக்கும் வித்தியாசம் பாராமல் ஓடினேன். மறுநாள்தான் காலில் கொப்புளம் தெரிந்தது.

ருக்மணி அம்மா அங்கேதான் இருந்தார். ஞாயிறு மூலைக்குப் பக்கத்து மண்டப நிழலில், பாயில், தூணில் சாய்ந்து. ஒரு பர்மியக் குடும்பமே சுற்றி உட்கார்ந்திருந்தது. ஒரு பெண் விசிறிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி பனைவெல்லத்தை உடைத்து வாயில் கொடுத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஊற்றிக்கொண்டே நின்ற அம்மாவுக்குக் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு அவர்களே பிடித்து உட்காரவைத்தார்களாம். சொந்தக்காரர்கள் யாரும் வராமல் நாங்கள் எழுந்து போகமாட்டோம் என்று முடிவு செய்திருந்தார்கள். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. அந்தப் பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்ல ஆரம்பித்தவள், பாதியில் அழுதுவிட்டேன்.

"ஒரு வாலண்டியர் கிட்ட சண்டேன்னு சொன்னேன்" என்றார் ருக்மணி அம்மா. "கையைப் புடிச்சுக் கொண்டாந்து விட்டுட்டான். நீ சொன்னபடி நின்னேன். ஏம்மா இவ்வளவு நேரம்?"

நான் ஆளனுப்ப, லலிதா டீச்சரும் மற்றவர்களும் வந்து சேர்ந்து, பிஸ்கட்டும் மாத்திரையும் உள்ளே போய், எல்லோரும் ஒரே நேரத்தில் சிரிக்கவும் திட்டவும் தொடங்கிய பிறகுதான் சயாமா வந்தார். மின்தூக்கிக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் அத்தனை படியும் ஏறியிருந்தார். கொண்டை அவிழ்ந்து தொங்கியது. அவரை அந்தக் கோலத்தில் நான் பார்த்ததே இல்லை. நேராக வந்து ருக்மணி அம்மாவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, எங்கள் எல்லோர் காதிலும் விழும்படி, "தப்பு என்னுது. இந்தப் பொண்ணோடது இல்ல. மன்னிச்சிடுங்க" என்றார். கோபத்துக்கு மட்டுமே எடுத்த தமிழை அன்று அதற்கும் எடுத்தார்.

"கெழமை தப்பானா என்ன, தேடி வந்துட்டீங்கல்ல" என்றார் ருக்மணி அம்மா. பிறகு லலிதா டீச்சர் பக்கம் திரும்பினார்.

"செங்கமலம் ஓடிப்போகல லலிதா. எங்க வீட்ல எல்லாருக்கும் தெரிஞ்ச கதை இது. ஆத்துல மேல போற கப்பல்ல அந்தத் துரைசானிக்கு வேற குடும்பத்தோட சேந்து போக எடம் கெடைச்சுது. அவங்ககிட்ட ஏற்கெனவே ஒரு ஆயா இருந்தா. படகுத்துறையில செங்கமலத்தை நிக்கவெச்சு, 'இங்கேயே நில்லு, வர்றேன்'னு சொல்லிட்டுப் போனவதான். பாஷை தெரியாது, கையில ஒண்ணும் கெடையாது. இருட்ற வரைக்கும் நின்னாளாம். ஒரு கூலிக்காரன் பொண்டாட்டி பாத்துட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா."

ருக்மணி அம்மா ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"அதோட முடிஞ்சு போகலை அவ. வேற ஒரு குடும்பத்துக் கொழந்தையைத் தூக்கிக்கிட்டு ஊர் வந்து சேந்தா. அப்புறம் சீமை வரைக்கும் எத்தனையோ தரம் கப்பலேறிப் போயிட்டு வந்தா. ஆனா சாகற வரைக்கும், யாராவது இங்கேயே நில்லுன்னு சொன்னா மட்டும் நிக்கமாட்டாளாம். கூடவே நடக்க ஆரம்பிச்சிடுவாளாம்." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "இன்னிக்கு மொதல்ல எனக்குப் பயமே இல்ல. நேரம் ஆக ஆகத்தான், அவளுக்கு இப்படித்தானே இருந்திருக்கும்னு தோணிச்சு. அப்ப பயந்துட்டேன்."

லலிதா டீச்சர் அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்த வரியைச் சிரித்தபடி சொன்னவர் அவர்தான். அன்று முழுக்க அந்தக் கையை அவர் விடவில்லை.

அதற்குப் பிறகு சயாமா தேதி நேரம் எதையும் கேட்டதில்லை. 'உங்களுக்கு எந்தக் கிழமை?' என்று ஆளையே கேட்டு, அவர் சொன்னதைத்தான் எழுதினார். ஓய்வு பெறும் வரை எனக்கும் அதுவே வழக்கமானது.

மறுநாள் காலை ஆற்றில் மேலே போகக் கிளம்ப வேண்டும். அதற்கு முன் ருக்மணி அம்மா ஒரு படகுத்துறையைப் பார்க்க வேண்டும் என்றார். அந்தக் காலத்து எந்தத் துறை என்று யாருக்குத் தெரியும்? அலோன் பக்கம் கிடங்குகளுக்கு நடுவில் ஒரு பழைய துறை இருந்தது. சயாமாவே வேனில் உடன் வந்தார். அரிசி மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. சேறும் டீசலும் கலந்த வாடை. ருக்மணி அம்மா ஆற்றைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"சரோஜா, எனக்கு ஒண்ணு செய்யறியா? சிரிக்கக்கூடாது. இங்கேயே நில்லுங்கன்னு என்கிட்ட சொல்லிட்டுப் போ. அந்த கேட்டு வரைக்கும் போ. அப்புறம் வந்து என்னைக் கூட்டிட்டுப் போ."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இங்கேயே நில்லுங்கம்மா, வர்றேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். முந்தின நாள் ஓட்டத்தில் வெந்த கால் எரிந்தது. மூட்டை தூக்குகிறவர்கள் வழி விட்டார்கள். கேட்டுக்கு அருகே வேனிலிருந்து சயாமா தலையை நீட்டி, என்ன என்று கேட்கவந்து, என் முகத்தைப் பார்த்துத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். கேட்டைக் கையால் தொட்டுவிட்டுத் திரும்பினேன். தூரத்தில் நீலப் புடவை, முதுகு காட்டி, அசையாமல் நின்றது. வேகமாக நடந்தேன், கடைசிக் கொஞ்ச தூரம் ஓடியே போனேன். தோளைத் தொட்டு, "வாங்கம்மா, போகலாம்" என்றேன்.

ருக்மணி அம்மா திரும்பினார். கண்ணெல்லாம் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு.

"வந்துட்டியா" என்றார்.